பாஸ்கலின் தாடை

பாஸ்கலைப் போல ஒரு கல்லுளிமங்கனைத் தூத்துக்குடித் துறைமுகம் முழுக்கத் தேடினாலும் பார்க்க முடியாது. ஆறு வருடமாக வலது தாடையில் வலி. காதுக்கு முன்னால் ஆரம்பித்துக் கழுத்துவரை இறங்கும். இத்தனை வருடத்தில் வீட்டில் அதைச் சொன்னது ஒரே ஒரு தடவை, அதுவும் பல்வலி என்று. பல் டாக்டர் ஒருவர் நல்ல கடைவாய்ப்பல் இரண்டைப் பிடுங்கிப் போட்டார். பல் போனது, வலி போகவில்லை. "இப்ப எப்படி இருக்கு?" என்று மனைவி விக்டோரியா கேட்டாள். "ஒண்ணுமில்ல" என்றான். அன்றோடு அந்தப் பேச்சு முடிந்தது.

வேலையும் அவனுக்கு ஏற்ற வேலைதான். கன்டெய்னர் தூக்கும் கிரேனில் ஆபரேட்டர். பத்து மாடி உயரத்தில் ஒரு கண்ணாடிக் கூண்டு. அதில் உட்கார்ந்து எட்டு மணி நேரம் காலுக்குக் கீழே குனிந்து பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். வாக்கிடாக்கியில் நாலு வார்த்தை, அதுதான் பேச்சு. பெட்டி கப்பலில் போய் உட்காரும்வரை பல்லைக் கடித்துக்கொண்டே இருப்பான். உட்கார்ந்த பிறகும் கடித்துக்கொண்டிருக்கிறோம் என்பது அவனுக்கே தெரியாது.

ஒரு மத்தியானம் பெட்டி அந்தரத்தில் தொங்கும்போது கொட்டாவி விட்டான். திறந்த வாய் மூடவில்லை. கையால் தாடையைத் தள்ளி மூட இரண்டு நிமிடமாயிற்று. கீழே ஆட்கள் நின்றுகொண்டிருந்தார்கள். அதற்குப் பிறகுதான் ஐயாவுக்குப் புத்தி வந்து, முத்தையாபுரத்தில் மருந்துக்கடை மாடியிலிருந்த பிசியோதெரபி கிளினிக்குக்குப் போனான். அதையும் வீட்டில் சொல்லவில்லை.

அங்கே இருந்த பெண்ணின் பெயர் சரண்யாதேவி. சுறுசுறுப்பான பிள்ளை.

"மூணு வெரல ஒண்ணுமேல ஒண்ணா வச்சு வாய்க்குள்ள விடுங்க, அண்ணாச்சி."

ஒன்றரை விரலுக்கு மேல் போகவில்லை.

"எத்தன நாளா இருக்கு?"

"கொஞ்ச நாளா."

"கொஞ்ச நாளுன்னா?"

"ஆறு வருசம்."

அவள் தலையில் கைவைத்துக்கொண்டாள். "பல்லுல ஒரு கோளாறும் கெடையாது. முழிச்சிருக்கும்போதே பல்லக் கடிச்சிட்டு இருக்கிய. ஒதடு மூடியிருக்கலாம். ஆனா சாப்பிடுத நேரம் போக, பல்லும் பல்லும் தொடவே கூடாது. அது உங்களுக்கு மறந்துபோகும், பாருங்க."

மறக்காமலிருக்க ஒரு வழியும் சொன்னாள். கைப்பையிலிருந்து பாதி தீர்ந்த ஸ்டிக்கர் பொட்டு அட்டையை எடுத்துக் கொடுத்தாள். சிவப்புப் பொட்டு. "கண்ணுல படுத எடத்துல எல்லாம் ஒண்ண ஒட்டுங்க. பாத்ததும் பல்லப் பிரிச்சிருங்க. செவ்வாயும் வெள்ளியும் சாயங்காலம் வாங்க, நான் உள்ள விரல விட்டு அமுக்கி விடுதேன்."

நல்ல யோசனைதான், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் ஓர் ஆம்பிளையிடம் ஒட்டுப்பொட்டு இருந்தால் ஊர் என்ன நினைக்கும் என்று அந்தப் பிள்ளைக்கும் தோன்றவில்லை, இந்த மனுசனுக்கும் தோன்றவில்லை. அதிலும் விக்டோரியா பொட்டே வைக்கிறவள் இல்லை. அவள் பிறந்த வீட்டிலும் யாரும் வைத்ததில்லை.

கூண்டின் கண்ணாடியில் ஒன்று, கைப்பிடியில் ஒன்று, பைக் கண்ணாடியில் ஒன்று என்று ஒட்டினான். அடுத்த ஷிப்டுக்கு ஏறி வந்த சங்கரலிங்கம் வாசலிலேயே நின்றுவிட்டான்.

"ஏலே பாஸ்கலு, கூண்டுக்குள்ள எவள ஏத்திட்டு வந்த?"

"ஒண்ணுமில்ல."

"ஒண்ணுமில்லயா? ரெண்டு பொட்டு இருக்குல!"

பாஸ்கல் ஏணியில் இறங்கிவிட்டான். சங்கரலிங்கம் கெட்டவன் இல்லை, வாய்தான் சும்மா இராது. அவன் தன் வீட்டில் சொன்னான். மருந்துக்கடை முன்னால் செவ்வாயும் வெள்ளியும் பாஸ்கலின் பைக் நிற்பதையும் சேர்த்துச் சொன்னான். அது கண் காது மூக்கெல்லாம் முளைத்து விக்டோரியாவிடம் வந்து சேர்ந்தது. அதே நாளில் துணி ஊறவைக்கும்போது, அவன் சட்டையின் கை மடிப்பில் ஒரு பொட்டு ஒட்டியிருந்ததை அவளே பார்த்தாள்.

"இது யாரு பொட்டு?"

"ஒண்ணுமில்ல."

"நான் என்ன கேக்கேன், நீங்க என்ன சொல்லுதிய?"

விக்டோரியா கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து அழுதாள். "மாதாவே! பதினெட்டு வருசம் உங்ககூட இருந்திருக்கேன். அவ எவளா இருந்தாலும் சொல்லித் தொலைங்க."

பாஸ்கல் அவள் அழுவதைப் பார்த்துக்கொண்டிருந்தான். மனது துடிக்க வேண்டும், அல்லது கோபமாவது வரவேண்டும். ஒன்றும் வரவில்லை. பல் பிடுங்க ஊசி போட்டபின் ஈறு இருக்குமே, உள்ளே அப்படிக் கிடந்தது. வைத்தியத்துக்கு ஒட்டினது என்று ஒரு வார்த்தை சொன்னால் தீர்ந்தது. ஆனால் எத்தனை நாளாக என்று கேட்பாள். ஆறு வருடம் என்று சொல்ல வேண்டும். அதற்கும் அழுவாள். அப்போதும் அவன் இப்படியே மரம் மாதிரி உட்கார்ந்திருந்தால் என்ன செய்வது? அவள் சந்தேகப்படுவதைவிட அதுதான் அவனுக்குப் பயமாக இருந்தது.

விக்டோரியா முகத்தைக் கழுவிவிட்டு வந்து பையில் சேலைகளை எடுத்து வைத்தாள். "வெள்ளிக்கெழம வரைக்கும் பாப்பேன். அதுக்குள்ள சொல்லலன்னா நான் தருவைகுளத்துக்கு எங்கம்மா வீட்டுக்குப் போயிருவேன். அப்புறம் வந்து கூப்பிடாதிய."

அவள் போனால் திரும்ப மாட்டாள் என்று அவனுக்குத் தெரியும். இருந்தும் மூன்று நாள் வாயைத் திறக்கவில்லை. வெள்ளிக்கிழமை ஐந்து மணிக்குக் கிளினிக்குக்குக் கிளம்பினான். திரும்பி வந்து சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தான். இந்த ஆறு வருடமும் அப்படித்தான் நினைத்திருந்தான்.

விக்டோரியா பின்னாலேயே ஆட்டோ பிடித்தாள். மருந்துக்கடை முன்னால் பைக் நின்றது. பொட்டும் கண்ணாடியில் அப்படியே இருந்தது. சண்டைக்குத் தயாராக, மூச்சு வாங்க மாடி ஏறித் திரையை விலக்கினாள்.

பாஸ்கல் மல்லாந்து படுத்திருந்தான். சரண்யாதேவி உறை மாட்டிய விரலை அவன் கன்னத்துக்குள் விட்டு அமுக்கிக்கொண்டிருந்தாள். அவன் நெற்றியில் வேர்த்திருந்தது.

"என்ன செய்திய இவர?" என்றாள் விக்டோரியா. கத்த வந்தவளுக்குக் குரல் எழும்பவில்லை.

"மதினியா? வாங்க வாங்க. ஆறு வருசமா இந்தத் தாடைய வச்சிட்டு எப்படித்தான் இருந்தாவளோ! நீங்களாவது இழுத்துட்டு வந்திருக்கக் கூடாதா?"

"ஆறு வருசமா?"

சரண்யாதேவி கபடமில்லாமல் எல்லாவற்றையும் சொன்னாள், பொட்டு விஷயத்தையும்தான். கேட்டு முடித்ததும் விக்டோரியா பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டாள். சந்தேகம் தீர்ந்துவிட்டதே, நிம்மதி வரவேண்டாமா? வரவில்லை.

"கணவாய் மீனு வச்சா தட்டத் தள்ளிருவியளே, அது மெல்ல முடியாமத்தானா?"

வாய்க்குள் விரல் இருந்ததால் அவன் கண்ணை மூடித் திறந்தான்.

"என் சமையலு பிடிக்கலன்னுல்லா நெனச்சேன். எம்மேல வெறுப்புன்னு நெனச்சேன்." அவள் குரல் இப்போதுதான் எழும்பியது. "வேற ஒருத்தி இருந்திருந்தாக்கூட எனக்கு இவ்வளவு வலிச்சிருக்காது. ஆறு வருசமா ஒரே கட்டில்ல நான் யாருகூடப் படுத்துக் கெடந்தேன்?"

சரண்யாதேவி விரலை எடுத்துக்கொண்டு ஒதுங்கி நின்றாள். பாஸ்கல் எழுந்து உட்கார்ந்தான். இனிமேல் சாக்குச் சொல்ல ஒன்றுமில்லை.

"ஏளா, சொன்னா நீ அழுவ" என்றான்.

"அழுதா என்ன?"

"நீ அழுதாலும் எனக்கு ஒண்ணும் தோணல, விக்டோரியா. அன்னைக்கும் தோணல. உள்ள எல்லாம் மரத்துப்போச்சு. அது தெரிஞ்சா நீ போயிருவியோன்னு பயமா இருந்திச்சு."

பதினெட்டு வருடத்தில் அவன் அவளிடம் ஒரே மூச்சில் இவ்வளவு பேசியதில்லை. விக்டோரியா அழவில்லை.

"மரத்துப்போனவருக்கு நான் போனா என்ன, இருந்தா என்ன? பயந்தேன்னும் சொல்லுதியளே."

அவள் எழுந்து சரண்யாதேவியிடம் போனாள். "வெளியிலருந்து எங்கன அமுக்கணும்மா? எனக்குக் காட்டு."

சரண்யாதேவி இடத்தைக் காட்டினாள். விக்டோரியா காதுக்கு முன்னால் பெருவிரலை வைத்து அழுத்தினாள்.

"வலிக்கா?"

"வலிக்கு" என்றான் பாஸ்கல்.

அவள் விரலை எடுக்கவில்லை. "எவ்வளவு?"

"ஏளா, ரொம்ப வலிக்கு."