போதும் என்கிற வரைக்கும்

சாரத்தில் தலை சுற்றி விழப்பார்த்த பெயிண்டருக்கு மாத்திரையில் உடம்பு தேறிவிட்டது. ஆனால் சேஃப்டி ஆபீசர் விடுவதாக இல்லை. நாளைக் காலையில் எதையும் பிடிக்காமல், அவர் போதும் என்கிற வரைக்கும் ஒற்றைக் காலில் நின்று காட்ட வேண்டும். தவறினால் இனி சாரம் கிடையாது, கீழேயே கிடந்து வாளி கழுவ வேண்டியதுதான்.

யோகா கூடத்தில் கூட்டித் துடைக்கிற அவன் மனைவி, அங்கே பார்த்துப் பழகிய விருட்சாசனத்தைச் சாயங்காலம் சொல்லிக்கொடுத்தாள். அவனோ ஒரு கை பிரஷுக்கு, ஒரு கை சாரக் குழாய்க்கு என்றே வாழ்ந்தவன். காலைத் தூக்கியதும் இடது கை சுவரைத் தேடிப் போனது.

"கைய எடுங்க."

"நான் எங்க வச்சேன்? அதுவா போகுது."

"என்னைத்தான் கட்டுவேன்னு ஒத்தக் கால்ல நின்னீங்களே, இப்ப என்ன வந்துச்சு?"

"அன்னிக்கு உங்கப்பாதான் பார்த்தாரு. ஆபீசர் பாக்கலையே!"

"காலைப் பாக்காதீங்க. எதிர்ல ஒரே இடத்தைப் பாருங்க. மூச்ச அடக்காதீங்க."

ஒருவழியாக நின்றான்.

காலையில், வேலை நடக்கும் கட்டடத்தின் திறந்த முற்றத்தில் பார்வையை எங்கே வைப்பதென்று தெரியாமல் தடுமாறினான். கண்ணில் பட்டது எதிரே நின்ற ஆபீசரின் சட்டைப் பட்டன். பார்வையால் அதையே பிடித்துக்கொண்டு காலைத் தூக்கினான்.

"மீனுக்கு நிக்கிற கொக்கு மாதிரியே இருக்கான்யா" என்றார், மற்ற ஆட்களோடு வேடிக்கை பார்த்த கொத்தனார்.

அந்த நேரம் பார்த்து ஆபீசரின் போன் அடித்தது. அவர் திரும்பினார். பட்டனோடு பார்வை போனது, பார்வையோடு உடம்பும் சாய்ந்தது.

"என்னப்பா?"

"நீங்க திரும்பிட்டீங்க, சார்."

"நான் திரும்பினா நீ ஏன்யா விழணும்?"

"உங்க பட்டனைத்தான் சார் பார்த்துட்டிருந்தேன்."

எல்லோரும் சிரித்தார்கள்.

"இன்னொரு தடவை. இதான் கடைசி."

இந்த முறை, தூணில் வழிந்து காய்ந்திருந்த சிமெண்டுச் சொட்டில் கண்ணை ஊன்றினான். கெண்டைக்கால் வெடவெடத்தது. மூச்சை இழுத்து விட்டான், மறுபடி இழுத்தான்.

"போதும்."

அவன் காலை இறக்கவில்லை. சொன்னது காதில் விழுந்தது, நம்பத்தான் பயமாக இருந்தது.

"யோவ், போதும்யா! பெல்ட்டை மாட்டிட்டு ஏறு. இன்னிக்கு சாரத்துல முதல் தட்டு மட்டும்."

பெல்ட்டை மாட்டிக்கொண்டான். ஏணியடியில் நின்று அண்ணாந்து பார்த்தான். கொத்தனார் வந்து பெல்ட் கொக்கியை ஒருமுறை இழுத்துப் பார்த்தார்.

"போ, பின்னாலயே வரேன்."

அவன் ஏறினான்.