தரகுக்கு ஒரு சொந்தம்

கீழ்ப்பாடியில் வீட்டுத் தரகர்கள் கமிஷனாகப் பணம் வாங்குவதில்லை. விற்பவரின் சொந்தங்களில் ஒன்றை வாங்கிக்கொள்வார்கள். சின்ன வீடென்றால் ஒன்றுவிட்ட சித்தப்பா போதும். மாடி வீடென்றால் கூடப்பிறந்தவர்களிடம்தான் வந்து நிற்பார்கள். ஒப்பந்தத்தில் கையெழுத்தானதும் அந்த உறவு தரகர் பேருக்கு மாறிவிடும். யாருமில்லாதவர்கள் யாராவது வந்து அதை வாங்கிப்போவார்கள்.

தணிகாசலத்தின் வீடு மாடி வீடு. அவர் மனைவி மேகலாவுக்கு இரண்டு முழங்காலும் போய்விட்டதால் அவள் எட்டு மாதமாக மாடியை விட்டு இறங்கவில்லை. வீட்டை விற்றுத் தரைத்தளத்தில் ஒன்று வாங்கியாக வேண்டும். கொடுக்கத்தான் ஆளில்லை. அவருக்கு இருந்தது ஒரே அக்கா, புஷ்பவல்லி. அம்மா போன பிறகு அவரைக் குளிப்பாட்டி, தலைவாரி, ஆளாக்கியவள். இன்றைக்கும் வெள்ளிக்கிழமை தவறாமல் போன் செய்வாள்.

முதலில் வந்த தரகர் வீட்டைச் சுற்றிக்கூடப் பார்க்காமல், "மச்சான் இருக்காரா சார்?" என்றார்.

மாடியிலிருந்து மேகலாவின் குரல் வந்தது. "எங்கண்ணனத் தரமாட்டேன். பொண்ணு கல்யாணத்துக்குத் தாய்மாமன் சீர் யாரு கொண்டாருவாங்க, இவரா?"

நியாயம்தான். தரகர் காபியைக் குடித்துவிட்டுப் போனார்.

இரண்டாவது ஆள் அக்காவோடு அக்கா புருஷனையும் சேர்த்துக் கேட்டார். அக்காவைக் கொடுத்துவிட்டால் மாமா எப்படி மாமாவாக இருப்பார் என்பது அவர் வாதம். பேராசை பிடித்தவர் என்று தணிகாசலம் அவரை வாசலோடு அனுப்பிவிட்டார்.

மூன்றாவதாக வந்த கஜபதிக்கு விட்டுக்கொடுப்பவர் என்று பேர்.

"வேலூர்ல பெரியப்பா பையன் ஒருத்தன் இருக்கான். பத்து வருஷமா பேச்சுவார்த்தை இல்ல. எடுத்துக்கங்க" என்றார் தணிகாசலம்.

"பேசாத சொந்தம் இப்ப போணியாகாது சார். எல்லார் வீட்லயும் அதான் கெடக்கு."

"அப்ப என் சகலையையும் சேர்த்துக்கங்க."

"சகலையெல்லாம் சும்மா குடுத்தாலும் யாரும் எடுக்கறதில்ல."

"அக்காவையே தரேன். தீபாவளி, பொங்கல் மட்டும் எனக்கு."

"பிரிச்சா ரெண்டு பேருக்கும் ஆவாது சார்."

மூன்று நாள் தணிகாசலத்துக்குச் சோறு இறங்கவில்லை. மூன்றாம் நாள் மேகலா கைப்பிடியைப் பற்றிக்கொண்டு ஒரு படி இறங்கிப் பார்த்தாள். அந்தப் படியிலேயே உட்கார்ந்து அழுதாள். அன்று சாயங்காலமே அவர் கையெழுத்துப் போட்டுவிட்டார். வளர்த்தவளையே தூக்கிக் கொடுத்துவிட்டோமே என்று தன் மேலேயே அருவருப்பாக இருந்தது.

கஜபதி ரிஜிஸ்டரைப் புரட்டிவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

"இது செல்லாது சார். தை மாசம் ஒங்க அக்கா மனைய வித்திருக்காங்க. கமிஷனுக்குத் தம்பியக் குடுத்துட்டாங்க. பேரம்கூடப் பேசல."

"வெள்ளிக்கிழமை போன் பண்றாளே?"

"ஆறு மாசம் பேசணும்னு அக்ரிமெண்ட் சார். கைமாறுற சொந்தம் சட்டுனு வாடிடக் கூடாது பாருங்க. இந்த மாசத்தோட முடியுது."

அக்கா ஒரு வேளைச் சாப்பாட்டையாவது தள்ளிவைத்திருப்பாளா என்று கேட்க நினைத்தார் தணிகாசலம். அதெல்லாம் ரிஜிஸ்டரில் இருக்காது.

"அப்ப ஒங்களுக்கு நான் எதக் குடுக்கறது?"

"ஒங்கள வாங்குனவங்க நாளைக்கு வராங்க. பாத்துக்கலாம்" என்றார் கஜபதி.

மறுநாள் காலை ஆட்டோவில் வந்து இறங்கினார் ஹேமாவதி. தபால் ஆபீசில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். கூடப்பிறப்பு இல்லாதவர். கையில் நாலடுக்கு டிபன் கேரியர். தணிகாசலத்தை ஏற இறங்கப் பார்த்து, "ரொம்ப எளச்சிட்டே தம்பி" என்றார். தானே தட்டைத் தேடி எடுத்து இட்லி வைத்தார். மேகலாவுக்கு மாடிக்குக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு, முழங்காலுக்குத் தைலமும் தேய்த்துவிட்டு வந்தார். மூன்று நாளைக்குப் பிறகு தணிகாசலம் அன்றுதான் வயிறாரச் சாப்பிட்டார்.

கஜபதி இரண்டு தாள்களை நீட்டினார். ஹேமாவதி தம்பியைப் பெற்றுக்கொண்டதாக முதல் தாளில் கையெழுத்துப் போட்டுவிட்டு, கேரியரைக் கழுவ உள்ளே போனார். இரண்டாவது தாள், தணிகாசலம் தன் புது அக்காவைக் கமிஷனாகக் கொடுப்பதாக இருந்தது.

தணிகாசலம் அதை நிதானமாகப் படித்தார். ஆறு மாதம் பேச வேண்டும் என்ற இடத்தில் விரலை வைத்து, "மூணு மாசம் போதுமே" என்றார்.

கஜபதி நாலுக்கு ஒத்துக்கொண்டார்.