கெட்டிலுக்குள் தெரிந்த அறை

இந்தக் காலத்து ஆட்களுக்கு, வந்த மனுஷனை ஏறெடுத்துப் பார்க்கக்கூடக் கழுத்து திரும்புவதில்லை. பெரியவர் மகளின் ஆபீஸ் வாசலில் நின்று செருமினார். செருப்பைத் தரையில் தேய்த்தார். அறை நிறைய ஆட்கள் இருந்தும் ஒரு தலை நிமிரவில்லை. எல்லாம் கம்ப்யூட்டருக்குள் விழுந்து கிடந்தன.

ராத்திரி வேலை என்று மகள் வீட்டுக்கு வரவில்லை. அவளுக்குக் காய்ச்சல் வேறு. சாப்பாட்டுப் பையோடு அவள் நாற்காலிக்குப் பின்னால் போய் நின்றார். திரையில் ஒரு எஃகுக் கெட்டில், கரி பூசியதுபோல மந்தமாக இருந்தது.

"இதுக்கா ராப்பூரா கண்ணு முழிச்ச?"

"மெதுவா பேசுங்கப்பா. கெட்டில் கம்பெனி மேடம் இப்ப பாப்பாங்க. இது பாஸானாத்தான் என்னை நிரந்தரம் பண்ணுவாங்க. இல்லேன்னா இன்னையோட சரி."

"கெட்டில் எங்க?"

"இன்னும் செய்யவே இல்ல. படத்தைக் காட்டி ஆர்டர் புடிச்சப்புறம்தான் செய்வாங்க."

"செய்யாத கெட்டிலுக்கு பாலிஷா? நல்ல பொழப்பு."

பக்கத்து மேசைக்கு அடியில், பிரித்த அட்டைப் பெட்டி மேல் படுத்திருந்தவன் கண்ணைத் திறக்காமல் சிரித்தான். எல்லோரும் அவனைத் தாடி என்றுதான் கூப்பிட்டார்கள். "பெருசு, நீங்களே சாம்பல் போட்டுத் தேச்சுக் குடுங்களேன்."

மகள் சிரிக்கவில்லை. "எஃகுக்குச் சொந்தமா பளபளப்பு கிடையாதுப்பா. சுத்தி இருக்கறதைத்தான் அது காட்டும். இதுக்குள்ள சுத்தி ஒண்ணுமே இல்ல, அதான் செத்துக் கெடக்கு. ரெடிமேட் அறைப் படமெல்லாம் போட்டாச்சு. பொம்மை மாதிரி இருக்குன்னு திருப்பிட்டாங்க."

சட்டென்று எழுந்தாள். அறை நடுவே ஒரு கேமராவை நிறுத்தினாள். "யாரும் நகராதீங்க!" நாலாபக்கமும் படம் எடுத்தாள். கம்ப்யூட்டரில் அந்தப் படத்தைப் பந்துபோலக் கெட்டிலைச் சுற்றிப் போர்த்தினாள்.

கெட்டிலுக்கு உயிர் வந்தது. வயிற்றின் மேல் டியூப்லைட் ஒரு வெள்ளைக் கோடாக வளைந்து ஓடியது. நுணுக்கமாகக் கீறல்கள் போட்டாள். கைப்பிடிக்குப் பக்கத்தில் விரல் பட்ட எண்ணெய்க் கறை ஒன்றும் வைத்தாள். பெரியவர் தொடப் போய், சுடும் என்பதுபோலக் கையை இழுத்துக்கொண்டார்.

"மூக்கு கொஞ்சம் கோணல்" என்றார்.

சூப்பர்வைசர் எட்டிப் பார்த்து மேசையில் தட்டினார். "இதத்தாம்மா கேட்டேன்! போடு பெரிய திரையில."

பெரிய திரையின் ஓரத்தில் கண்ணாடி போட்ட அம்மாள் ஒருத்தி வந்தாள். கெட்டிலை உற்றுப் பார்த்தாள். மகள் அப்பா கையிலிருந்த சாப்பாட்டுப் பையை வாங்கி, அதன் காதை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

"அருமை. நெஜக் கெட்டிலேதான். கொஞ்சம் பெருசு பண்ணுங்க."

கெட்டிலின் வயிறு திரையை நிறைத்தது. அதற்குள் வளைந்து நெளிந்து இந்த அறை தெரிந்தது. ஓதம் ஏறிய கூரை, அட்டை வைத்து அடைத்த ஜன்னல், மேசைக்கு அடியில் நீட்டிய இரண்டு கால்கள். பக்கத்தில் பையோடு வாய் பிளந்து நிற்கும் கிழவர்.

"கீழ யாரு? உயிரோட இருக்காரா?" என்றாள் அம்மாள். "உங்க ஆபீஸ்னு எங்களுக்குக் காட்டின படத்துல கண்ணாடி சுவரு, சோபா எல்லாம் இருந்துச்சே?"

"அது வந்து மேடம்... பொண்ணு புதுசு. தெரியாம ஏதோ படத்தைப் போட்டுட்டா. இப்பவே மாத்திடறேன்."

திரை அணைந்தது. சூப்பர்வைசர் குரலை உயர்த்தவில்லை.

"நாளைலேருந்து வர வேணாம்மா."

"சார், சின்னதாத்தான் தெரியும், யாரும் கவனிக்க மாட்டாங்கன்னு..."

"உள்ளதத்தானய்யா காட்டுச்சு?" பெரியவர் குறுக்கே வந்தார். "அந்தப் பையனுக்கு ஒரு கட்டில் வாங்கிப் போடு. அப்புறம் படம் எடு."

"உங்களை யாரு உள்ள விட்டது?" என்றுவிட்டு சூப்பர்வைசர் மேசைக்கு அடியில் குனிந்தார். "தாடி, எந்திரி. கீறல், கறை எல்லாம் அப்படியே இருக்கட்டும். சுத்தி இருக்கற படத்தை மட்டும் மாத்து."

தாடி எழுந்தான். அவள் முகத்தைப் பார்க்காமல் அவள் நாற்காலியில் உட்கார்ந்தான்.

அவள் தண்ணீர் பாட்டில், சார்ஜர், சால்வையை எடுத்து முடிப்பதற்குள் கெட்டில் மறுபடி பெரிய திரைக்கு வந்துவிட்டது. வயிற்றில் உயரமான ஜன்னல்கள், புல்வெளி, துடைத்த வானம். கைப்பிடிக்குப் பக்கத்தில் அவள் வைத்த விரல் கறை அப்படியே இருந்தது.

"நெஜம் மாதிரியேதான் இருக்குப்பா" என்றாள்.

பெரியவர் கிட்டப் போய், தான் நின்ற இடத்தைத் தேடினார். அங்கே ஒரு பூச்சாடி இருந்தது.

"இருக்கும், இருக்கும்." பிரிக்காத சாப்பாட்டுப் பையை அவள் கையிலிருந்து வாங்கிக்கொண்டு படி இறங்கினார். "எனக்கு நம்பிக்கையில்ல."