நீலப் பெயிண்ட்

துறைமுகச் சுவரோரம் கட்டியிருந்த தன் படகில் நின்று, புதிதாக அடித்த நீலப் பெயிண்டைத் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தார் சட்டாம்பிள்ளை. எதிலும் குறை கண்டுபிடிப்பதால் துறைமுகம் வைத்த பெயர். அலை ஏறிக்கொண்டிருந்தது. சுவரோரம் இடமில்லாததால் பிந்தி வரும் படகுகள், நிற்கும் படகின் பக்கத்தில் ஒட்டித்தான் கட்டவேண்டும். அப்படி ஒட்ட வந்துகொண்டிருந்தான் அவருடைய மச்சினன், மனைவியின் ஒரே தம்பி.

போன வாரம் அவன் படகு உரசி ஒரு சாண் நீளத்துக்குக் கீறல். அதற்கு அவர் ஆடிய ஆட்டம் கொஞ்சநஞ்சமில்லை. நாலு பேர் முன்னால் அவன் மானம் கப்பலேறியது. இப்போது புதுப் பெயிண்டில் கறை படியுமென்று தன் பக்கத்து டயர்களை அவரே தூக்கி உள்ளே போட்டிருந்தார். இடிதாங்கத் தொங்கவிடுவது வருகிறவன் பாடு.

"மெதுவா வாடா. மறுபடி உரசினே, நடக்கிறதே வேற!"

"சரி மாமா."

அவன் தொங்கவிட்டிருந்த டயரின் கயிறு அறுந்தது. டயர் தண்ணீரில் விழுந்தது. படகை அலை தள்ளியது. சட்டென்று தன் படகின் விளிம்பில் உட்கார்ந்து, நீலப் பெயிண்டில் காலை ஊன்றித் தள்ளினான். படகு உடைந்தாலும் உடையட்டும், நடுவில் கை கால் கொடுக்கக் கூடாது. இந்தத் தொழிலில் முதல் பாடமே அதுதான். அவனுக்குத் தெரியாததா?

"காலை எடுடா!"

அவன் படகுக்குத் தாவிப் போய் அவன் அக்குளில் கைகொடுத்து இழுத்தார். இருவரும் அதற்குள்ளேயே மல்லாந்து விழுந்தார்கள். அடுத்த கணம் மரம் மரத்தோடு மோதிய சத்தம். அவன் கணுக்காலை இரண்டு கையாலும் பிடித்துப் பார்த்தார். கால் இருந்தது. விரல்கள் இருந்தன.

"ஏன்டா... உனக்குப் பைத்தியமா?"

"பெயிண்ட் கீறிடுமேன்னுதான் மாமா."



சத்தம் கேட்டுக் கரையிலிருந்த மனைவி ஓடிவந்து அவர் படகில் ஏறினாள். தம்பி படகின் விளிம்புக்கு அந்தப்புறம் விழுந்து கிடந்தவர்கள் அவள் கண்ணில் படவில்லை. இடுக்கைத்தான் குனிந்து பார்த்தாள்.

"ஐயோ, தம்பி செருப்பு! இங்க யாராவது இருக்கீங்களா? என் தம்பி எங்க?"

இங்கேதான் இருக்கிறான் என்று சொல்ல வாயெடுத்தார். குரல் வரவில்லை. பிடித்த கணுக்காலையும் விட முடியவில்லை. இரண்டு படகுகளுக்கும் நடுவே, தகடாய் நசுங்கிய செருப்பு ஒவ்வொரு அலைக்கும் ஏறி இறங்கிக்கொண்டிருந்தது.