மருந்து: இல்லை

பேருந்துப் பணிமனையில், வண்டிக்கு அடியில் வேலை பார்க்கும் குழிக்குள் இறங்கும்போது கால் வழுக்கி, மெக்கானிக்கின் பின்தலை இரும்பு விளிம்பில் மோதியது. கூட வேலை செய்பவர்கள் பக்கத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். அவர் வழக்கமாகக் காட்டுவது ஊரின் மறுகோடியில் இருக்கும் பெரிய ஆஸ்பத்திரியில்.

தையல் கடையை அப்படியே போட்டுவிட்டு மனைவி ஓடி வந்தாள். தலைக்கட்டோடு அவர் உட்கார்ந்திருந்தார்.

“ஸ்கேன் எடுத்துப் பாத்துட்டாங்க. தலைக்குள்ள ஒண்ணும் இல்லையாம்,” என்றார். “நீ இத்தனை வருஷமா சொன்னது சரியாப் போச்சு.”

அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன.

“வழக்கமா ஏதாவது மருந்து சாப்பிடுறாரா?” என்று அவளை மட்டும் தன் அறைக்குக் கூப்பிட்டு டாக்டர் கேட்டார்.

“படபடப்புக்குப் பெரிய ஆஸ்பத்திரியில குடுத்த ஏதோ மாத்திரை போடுவாரு. பேர் தெரியாது. வீட்டுக்குப் போய் எடுத்துட்டு வரட்டுங்களா?”

“இருங்கம்மா. அந்த ஆஸ்பத்திரி கம்ப்யூட்டரையும் இதையும் இப்ப இணைச்சாச்சு. அங்க இருக்கிறது இங்கயே தெரியும்.”

திரையை அவள் பக்கம் திருப்பினார். ரத்த வகை சரியாக இருந்தது. போன வருஷம் முறிந்தது எந்தக் கால் என்பதுகூடச் சரி. அதன் கீழே, ‘மருந்து: இல்லை.’

“நிறுத்திட்டாங்க போலிருக்கே.”

அவர் மாத்திரை போட்டு அவள் பார்த்தே வெகுநாளாகியிருந்தது. விடியுமுன்னே வேலைக்குக் கிளம்பிவிடுகிற மனுஷன். நிறுத்தியதைச் சொல்ல மறந்திருப்பார் என்று நினைத்துக்கொண்டாள். வெளியே வந்தால், அவர் செருப்பை மாட்டிக்கொண்டு வீட்டுக்குக் கிளம்பி நின்றார்.

மதியம் வீட்டில் தலை வலிக்கிறது என்று படுத்தார். டீயோடு போய் எழுப்பினாள். மூச்சு குறட்டையாக இழுத்தது. உலுக்கியும் கண் திறக்கவில்லை. மறுபடி எடுத்த ஸ்கேனில் மூளையை அழுத்திக்கொண்டு ரத்தம் கட்டியிருந்தது. அறுவை சிகிச்சைக்குப் போனவர் உயிரோடு வரவில்லை.

உறவுக்காரர்கள் கிளம்பிப் போன பிறகு பெரிய ஆஸ்பத்திரியிலிருந்து ஒரு பெண் போன் செய்தாள். அவர் இறந்தது அங்கே யாருக்கும் தெரியவில்லை.

“சார் ரத்தப் பரிசோதனைக்கு வரலையே? ரத்தம் உறையாம இருக்க மாத்திரை சாப்பிடுறவங்க இதைத் தள்ளிப் போடக் கூடாதும்மா. தலையில லேசா அடிபட்டாலே ஆபத்து.”

அவருடைய வேலைப் பையைக் கவிழ்த்துக் கொட்டினாள். மாத்திரை அட்டை விழுந்தது. பாதி காலி.

அதை டாக்டரின் மேசையில் வைத்தாள். அவர் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு கம்ப்யூட்டர் பிரிவுக்காரரைக் கூப்பிட்டனுப்பினார்.

“மருந்து விவரம் மட்டும் இன்னும் அங்கேயிருந்து வரலைங்க,” என்றார் அவர், தரையைப் பார்த்தபடி. “ரெண்டு பக்கமும் வேற வேற குறியீடு. ஒண்ணும் வரலைன்னா ‘இல்லை’ன்னு காட்டுது.”

“தெரியலைன்னா தெரியலைன்னு சொல்ல வேண்டியதுதானே?” என்றாள். “நான் வீட்டுக்கு ஓடியிருப்பேனே.”



“நான் உங்களைப் போகவிட்டிருக்கணும்,” என்றார் டாக்டர்.

நடந்ததை அவரே மேலிடத்துக்கு எழுதினார். திரையை மாற்றினார்கள். இப்போது அந்த இடத்தில், ‘விவரம் வரவில்லை, நோயாளியைக் கேட்கவும்’ என்று இருக்கிறது. அதைச் சொல்ல அவளுக்குப் போன் செய்தார்.

“நல்லதுங்க,” என்றாள். பிறகு, “அன்னிக்கே மாத்திரையைக் கொண்டுவந்து காட்டியிருந்தா பொழைச்சிருப்பாரா?”



“பொழைச்சிருக்கலாம்மா,” என்றார் டாக்டர்.

போனை வைத்துவிட்டுக் கடைக்குப் போனாள். பூட்டைத் திறந்தவள், ஷட்டரைத் தூக்காமல் படியிலேயே உட்கார்ந்துவிட்டாள்.