யார் சொல்லித் தெரிந்தது?

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து பெங்களூர் ஈஜிபுரா வீட்டுக்கு வந்த கையோடு அலெக்சாண்டர் பதிப்பகத்திலிருந்து வந்த பழுப்பு உறையைப் பிரித்தான். அவனுடைய பன்னிரண்டு கதைகளும் ஓரமெல்லாம் பென்சில் எழுத்தோடு திரும்பி வந்திருந்தன. எலெக்ட்ரானிக் சிட்டிக்குக் கம்பெனி வண்டி ஓட்டுகிறவன் அவன். ஒரு டிரிப்புக்கும் அடுத்த டிரிப்புக்கும் நடுவில், ஸ்டியரிங் மேல் அட்டையை வைத்து நான்கு வருடம் எழுதிய கதைகள். முதல் புத்தகம்.

எடிட்டர் ஜானகியை அவன் நேரில் பார்த்ததில்லை. அவனுக்கு அந்த அம்மாள் பென்சில் எழுத்துதான். 'மழை பெய்தது, போதும். வானம் அழ வேண்டாம்.' 'இந்த மூன்று பத்தியும் ஒரே விஷயம். பிடித்ததை வைத்துக்கொள்ளுங்கள்.' முதல் மூன்று கதைகளுக்குத் தோலை உரித்த மாதிரி இருந்தது. ஆறாவது கதைக்கு வரும்போது அவனுக்கே சிரிப்பு வந்துவிட்டது.

கடைசிக் கதையின் பெயர் 'கதவு'. அவன் அக்கா ஜோசஃபினின் கதைதான். புருஷன் அடித்து அறையில் பூட்டி வைக்கிறான். பெங்களூரிலிருந்து தம்பி கிருஷ்ணகிரிக்குப் போய்க் கதவை உடைத்து அக்காவைக் கூட்டி வருகிறான். படித்தவர்கள் எல்லோரும் கண் கலங்கிய கதை. நாலு பக்கத்திலும் பென்சில் படவில்லை. கதவை உடைக்கும் இடத்தில் மட்டும் ஒரு வரி: 'யார் சொல்லித் தம்பிக்குத் தெரிந்தது?' அதன் கீழே, 'பதில் இருந்தால் புத்தகம் இந்தக் கதையோடு முடியட்டும். இல்லாவிட்டால் இதை எடுத்துவிடலாம்.'

அரை வாக்கியத்தில் முடிகிற வேலை. 'பக்கத்து வீட்டுக்காரர் போன் செய்தார்' என்று எழுதினான். எழுதியதும் பேனா நின்றுவிட்டது. எந்தப் பக்கத்து வீட்டுக்காரர்? கதவின் பச்சை நிறம் ஞாபகம் இருந்தது, அது பிளந்த சத்தம்கூட ஞாபகம் இருந்தது. ஆனால் போன பஸ் ஞாபகம் வரவில்லை. பதினோரு வருடமாக ஞானஸ்நானத்திலும் கல்யாண வீட்டிலும் சொந்தக்காரர்கள் சொல்லிச் சொல்லி, முதுகில் தட்டித் தட்டி வளர்ந்த கதை. எவ்வளவு யோசித்தாலும் மடிவாளா பஸ் ஸ்டாப்பில் அக்கா பையோடு இறங்கியதுதான் கண்ணில் நின்றது.

ஜோசஃபின் கேன்டீன் வேலைக்கான யூனிஃபார்முக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள்.

"அக்கா, உன்னைக் கூட்டிட்டு வர நான் எந்த பஸ்ல கிருஷ்ணகிரி வந்தேன்?"

"நீ எங்கடா வந்த?" அவள் தலை நிமிரவில்லை. "மடிவாளால நின்ன. அதுவும் அரை மணி நேரம் லேட்டு."

"அப்ப கதவு?"

"எந்தக் கதவு? அந்த வீட்ல தாப்பாளே சரியா விழாது. அவரு குளிக்கப் போன நேரமாப் பாத்து நானாத்தான் கெளம்பி வந்தேன். பஸ் ஸ்டாண்டுல ஒரு அம்மாகிட்ட போன் வாங்கி உனக்குப் பேசல?"

"எல்லாரும் நான்தான் கூட்டிட்டு வந்தேன்னு..."

"சொன்னதே நான்தான். தம்பி கூட்டியாந்தான்னா, குடும்பமே எடுத்த முடிவுன்னு நெனப்பாங்க. பொம்பள தானா வந்துட்டான்னா ஊரு வேற கதை கட்டும். கதவை ஒடைச்சது மட்டும் அம்மா சேத்தது. நீயும் ஒருவாட்டிகூட இல்லன்னு சொல்லலையே, ஹீரோ!"

அவனுக்கு முகம் சுட்டது. அந்த நாலு பக்கத்தையும் நீட்டினான். அவள் இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு, நின்றபடியே ஒரு வரி விடாமல் படித்தாள்.

"சக்கத்தா எழுதியிருக்கடா, ரொம்ப நல்லாயிருக்கு. ஆனா இவ என்ன, நாலு பக்கமும் ஒக்காந்து அழுவுறா? ஒரு வேலையும் செய்யலையே. அன்னிக்கு எனக்கு எத்தினி வேலை தெரியுமா? சர்டிபிகேட்டு எடுக்கணும், செயினைத் தேடணும், கேஸ் ரெகுலேட்டரக் கழட்டிப் பையில போட்டுக்கணும்."

"ரெகுலேட்டரா? அது எதுக்குக்கா?"

"குளிச்சிட்டு வந்தா அவருக்கு உடனே டீ வேணுமே!"

அலெக்சாண்டர் வாய்விட்டுச் சிரித்தான். சிரித்து முடித்த பிறகுதான் கேட்கப் பயமாக இருந்தது.

"இதை எழுதட்டுமா? அம்மா படிப்பாங்க. மாமாங்க படிப்பாங்க. நீ வேணாம்னா வேணாம்."

ஜோசஃபின் காலரை ஒருமுறை நீவினாள். அதே காலரை மறுபடியும் நீவினாள்.

"பதினோரு வருஷம் உன் பேரைச் சொல்லித் தப்பிச்சேன். போதும். பேரை மாத்திக்கோ. ரெகுலேட்டர மாத்தாத."

அவன் நாலு பக்கத்தின் மேலும் குறுக்காகக் கோடு போட்டான். வலிக்கும் என்று எதிர்பார்த்தான், வலிக்கவில்லை. கடைசித் தாளின் பின்பக்கம் தேதி, இடம் போட்டு, பள்ளிக்கூடத்தில் பழகிய முறைப்படி எழுதினான்: 'மதிப்பிற்குரிய அம்மா அவர்களுக்கு, வணக்கம். தங்கள் கேள்விக்குப் பதில் கிடைத்தது. தம்பிக்கு அக்காவே சொன்னார். இதை வீட்டில் கேட்க வேண்டும் என்று எனக்கு இத்தனை வருடம் தோன்றவில்லை. தோன்ற வைத்ததற்கு என் நன்றி. கதை ஒரு வாரத்தில் வரும்.'

"பஸ்ஸு சரியான கூட்டம்," என்றாள் ஜோசஃபின். இஸ்திரிப் பெட்டி ஆறிக்கொண்டிருந்தது. அவன் புதுத் தாள் எடுத்தான்.

பக்கத்து சீட்டில் ஒருத்தி மடியில் பிள்ளையோடு இருந்தாளாம். பிள்ளை ஓயாமல் சிணுங்கியது. பையில் விளையாட்டுச் சாமான் எதுவும் இல்லை. இவள் ரெகுலேட்டரை எடுத்துக் கொடுத்தாள். அழுகை நின்றது. அந்தச் சின்னக் கை குமிழைப் பிடித்துத் திருப்பியது, மூடியது, திறந்தது. ஓசூர் தாண்டி, அத்திப்பள்ளியும் தாண்டி, டக், டக் என்று அது திருப்பிக்கொண்டே வந்தது.