பின்வாங்கும் படையும் என் மனைவியின் சேறும்

பல் செட் செய்வது என் தொழில். அடுத்தவர் வாய்க்கு அளவெடுத்து, ஈறின் நிறம் பார்த்து, பொய்ப்பல்லை நிஜப்பல்லாகத் தெரியவைக்கிற வேலை. அதே கைதான் வீட்டில் போர்க்களம் செய்கிறது. கட்டைவிரல் உயரத்தில் பிளாஸ்டிக் சிப்பாய்கள், உள்ளங்கையில் அடங்கும் லாரி, துண்டு மரப்பலகையில் ஒரு நிலம். மூச்சை அடக்கிக்கொண்டு ஒற்றை முடித் தூரிகையால் சிப்பாயின் கண்ணுக்குக் கருவிழி வைப்பேன். இதில் இந்த ஊரில் எனக்கு நிகர் கிடையாது. வேறு யாரும் சொல்லாததால் நானே சொல்லிக்கொள்ள வேண்டியிருக்கிறது.

ராணுவக் காட்சிக்கூடத்தில் புதிதாக ஒரு கண்ணாடிப் பெட்டி வரப்போகிறது, இப்படிப் பொம்மைப் போர்க்களம் செய்கிற எங்கள் குழுவில் ஒரே ஒருவருடைய வேலை அதற்குள் போகும், கீழே பித்தளைத் தகட்டில் செய்தவர் பெயர் இருக்கும் என்று கேள்விப்பட்டதிலிருந்து எனக்குச் சோறு தொண்டையில் இறங்கவில்லை. அந்தத் தகடு எனக்கு வேண்டும். என்னைவிடத் தகுதியானவன் எவனாவது இருந்தால் அவனுக்கும் கிடைக்கக்கூடாது.

மழைக்குப் பிறகு பின்வாங்கும் படை. அதுதான் நான் எடுத்துக்கொண்டது. ஒவ்வொரு முகத்திலும் வேறுவேறு களைப்பு வரைந்தேன். பூட்ஸின் லேஸைக்கூட விடவில்லை. தரை மட்டும் பாக்கி என்கிற நேரத்தில் குளியலறையில் வழுக்கி விழுந்து வலது மணிக்கட்டில் கட்டுப் போட்டுக்கொண்டேன்.

"நான் பண்ணட்டுமாங்க?" என்றாள் என் மனைவி. அவள் பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவள். தூரிகை பிடித்தவள் இல்லை.

"மண்ணுதானே. பண்ணு," என்றேன், பெரிய மனது பண்ணி.

வேன் நிறுத்துகிற இடத்திலிருந்து மண் எடுத்து வந்து டீ வடிகட்டியில் சலித்தாள். சுவருக்குப் பூசும் பட்டியைப் பசையோடு குழைத்துப் பலகையில் அப்பினாள். பிறகு லாரியைக் கையில் எடுத்து முன்னும் பின்னும் பார்த்தாள்.

"இதுல லோடு இருக்கா?"

நான் யோசித்ததே இல்லை. "இருக்குன்னு வெச்சுக்கோ."

"அப்ப பின்சக்கரம் இவ்வளவு மேல நிக்காது." ஈரம் காயுமுன் லாரியை அழுத்தி உருட்டினாள். சக்கரம் பாதி புதைந்தது. அடுத்து என் சிப்பாய்கள். "உங்க ஆளுங்க எல்லாரும் சேத்து மேல நிக்கிறாங்க. சேத்துல யாருங்க மேல நிப்பாங்க?"

"லேஸ் மறைஞ்சிடும்."

"நிஜத்துலயும் மறைஞ்சுதாங்க போகும்."

கணுக்கால்வரை அமுக்கினாள். நான் ஒரு வாரம் உட்கார்ந்து கட்டிய லேஸ்கள் சேற்றுக்குள் போயின. வாயை மூடிக்கொண்டேன், கை கட்டுக்குள் இருந்ததால்.

கடைசியாக, உடைந்த ஒரு பொம்மையின் பூட்ஸ்களை வெட்டித் தீக்குச்சிகளில் ஒட்டி, வரிசையிலிருந்து விலகிப் போகிற காலடிகளைப் பதித்தாள். அவை பாதையைவிட்டு இறங்கி, ஒரு குட்டையைச் சுற்றிக்கொண்டு, ஓரத்தில் அவள் நட்டிருந்த சுள்ளி மரங்களுக்குள் போயின. திரும்பி வரவில்லை. அங்கே ஆளும் இல்லை. குட்டைக்கு வார்னிஷ் ஊற்றினாள். தண்ணீர் அப்படியே தேங்கி நின்றது.

"ஆளு எங்கே?" என்றேன்.

"போயிட்டான்."

ஞாயிற்றுக்கிழமை குழு கூடியது. நாங்கள் கூடுவது என் மச்சானின் மூக்குக்கண்ணாடிக் கடைப் பின்னறையில். மச்சான் என்றால் என் மனைவியின் அண்ணன். அவரோடு கர்னல் வந்திருந்தார். அது பட்டப்பெயர்தான். மனிதர் ராணுவத்தில் பருப்பும் உருளைக்கிழங்கும் அளந்துகொடுத்தவர், ஆனால் போரைப் பற்றி அவர் பேசினால் தளபதியே எழுந்து நிற்க வேண்டும்.

பலகையை என் மனைவி தூக்கி வந்து மேஜையில் வைக்க, நான் சிப்பாய்களின் கண்களைக் காட்டினேன். கர்னல் குனிந்து பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு, "இந்தக் காலடி யாருதும்மா?" என்று என் மனைவியைக் கேட்டார். என்னை இல்லை.

"வரிசையில கடைசியா வந்தவன்ணா. யாரும் திரும்பிப் பாக்கலைன்னு தெரிஞ்சதும் நழுவிட்டான்."

"குட்டைகிட்ட ஒரு நிமிஷம் நின்னிருக்கான் போல."

"ஆமாம். யோசிச்சிருக்கான்."

கண்ணாடிக் கடைக்கு வந்த வாடிக்கையாளர்கள்கூட உள்ளே வந்து அந்தக் காலடியைப் பார்த்துவிட்டுப் போனார்கள். புதுக் கண்ணாடி போட்ட ஒரு பெரியவர், "மொதல்ல பாக்குற பொருளே நல்ல பொருளா இருக்கு," என்றார். கருவிழியைப் பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லை. மச்சான் என் தோளில் தட்டினார்.

"மாப்ள, கல்யாண வீட்டுல மாப்பிள்ளையா இருக்கணும், சாவு வீட்டுல பொணமா இருக்கணும்னு நினைக்கிற ஆளு நீங்க. இன்னிக்கு ரெண்டு எடமும் என் தங்கச்சி புடிச்சிட்டா."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். தாடை வலித்தது.

மச்சான் படம் எடுத்துக் காட்சிக்கூடத்துக்கு அனுப்பினார். புதன்கிழமை நேரில் பார்க்க வருவதாகப் பொறுப்பாளர் அம்மாவிடமிருந்து பதில் வந்தது. என் மனைவி அன்று முழுக்க ஏதோ பாட்டை முணுமுணுத்துக்கொண்டிருந்தாள். வேனைக் கழுவும்போதுகூட. எத்தனை வருஷம் இந்த மேஜையில் கண்ணைக் கெடுத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். இவள் வந்தாள், மண்ணைக் குழைத்தாள், ஊரே கைகட்டி நிற்கிறது.

செவ்வாய்க்கிழமை மணிக்கட்டுக் கட்டை அவிழ்த்தார்கள். மதியம் அவள் பிள்ளைகளை ஏற்றப் போன பிறகு நான் பட்டியைக் குழைத்தேன். காலடி ஒவ்வொன்றையும் அடைத்தேன். மேலே நிறம் தடவி, அந்த இடத்தில் என் சிப்பாய்களிலேயே சிறந்தவனை, கொடி பிடித்தவனை, நிறுத்தினேன். சுத்தமாக இருந்தது. மனசும் கொஞ்சம் குளிர்ந்தது, பொய் சொல்வானேன்.

அவள் வந்தாள். சாவியை ஆணியில் மாட்டிவிட்டுப் பலகையைப் பார்த்தாள். விரலால் அந்த இடத்தைத் தொட்டாள்.

"இன்னும் காயலை," என்றாள். அவ்வளவுதான். முகம் கழுவப் போய்விட்டாள். சண்டை போட்டிருந்தால் நானும் நாலு வார்த்தை பேசியிருப்பேன். எல்லாம் தயாராக வைத்திருந்தேன்.

மறுநாள் பொறுப்பாளர் அம்மா வந்தார். நாற்காலியில் உட்காரக்கூட இல்லை, நேராகப் பலகைக்குப் போனார். கையில் அந்தப் படம்.

"இங்க காலடி இருந்துச்சே?"

"அது ஒரு பிழை மேடம். சரிபண்ணிட்டேன்," என்றேன்.

அவர் முகம் வாடியது. "அந்தக் காலடிக்காகத்தான் வந்தேன். எங்க கமிட்டியில எல்லாரும் அதைப் பத்தியே பேசினாங்க." என்னையும் என் மனைவியையும் மாறிமாறிப் பார்த்தார். "தரை யாரு பண்ணது?"

சொல்ல வேண்டியவன் நான். டீ டம்ளர்களோடு நின்ற என் மனைவி சொன்னாள்: "எல்லாம் இவருதான் மேடம்."

"அப்ப நல்லதாப் போச்சு. நீங்களே திரும்பப் போட்டுடுங்க. வெள்ளிக்கிழமை வண்டியோட வரேன். அது இல்லைன்னா எனக்கு வேண்டாம்."

அவர் போனதும் நான் கேட்டேன். "ஏன் அப்படிச் சொன்னே?"

"அழிக்கிற உரிமை உங்களுக்கு இருந்துச்சே. அப்ப செஞ்சதும் நீங்கதானே," என்று டம்ளர்களை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

தீக்குச்சி பூட்ஸை வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். வேறு பலகையில் பதித்துப் பார்த்தேன். இடைவெளி ஒரே சீர், ஆழம் ஒரே சீர். அணிவகுப்பில் போகிறவன் மாதிரி இருந்தது. மாற்றி வைத்தேன், நொண்டுகிறவன் மாதிரி இருந்தது. இன்னொரு தடவை, குடிகாரன். சட்டியில் இருந்தால்தானே அகப்பையில் வரும். வியாழக்கிழமை சாயங்காலம் வெட்கத்தை விட்டு அவள் முன்னால் போய் நின்றேன்.

"பண்ணிக் குடு."

அவள் என்னை முழுசாக ஒரு தடவை பார்த்தாள். "உங்க ஆளுங்களை எல்லாம் எடுங்க. லாரியையும். திரும்ப ஈரம் பண்ணணும்."

ஒவ்வொருவனையும் காலுக்கடியில் செருகியிருந்த கம்பியோடு பிடுங்கி ஒரு தட்டில் கிடத்தினேன். கொடிக்காரனை எடுத்தபோது நான் அடைத்த பட்டி வில்லையாகப் பெயர்ந்து வந்தது. அவள் தெளித்தாள், சுரண்டினாள், அந்தக் காலடிகளை மறுபடி பதித்தாள். முதல் தடவை போட்டதைவிட இப்போது நன்றாக இருந்தது. குட்டை ஓரத்தில் அவன் இன்னும் கொஞ்ச நேரம் நின்றிருந்தான்.

வார்னிஷ் காயக் காத்திருந்ததால், வெள்ளிக்கிழமை அந்த அம்மா வந்தபோதும் சிப்பாய்கள் தட்டில்தான் படுத்திருந்தார்கள். பலகையில் ஒருவனும் இல்லை. புதைந்து நின்றவர்களின் கால்குழிகள், லாரி கிழித்துப்போன இரண்டு பள்ளங்கள், தேங்கிய தண்ணீர், ஓரமாக விலகிப்போன ஒற்றை ஆளின் காலடி. நான் அவசரமாக ஒரு சிப்பாயைக் கையில் எடுத்தேன்.

"வேண்டாம்," என்றார் அந்த அம்மா. "தொடாதீங்க. இப்படியே குடுங்க."

"மேடம், படை..."

"எல்லாரும் போயிட்டாங்க சார். இதைவிட எப்படிங்க காட்ட முடியும்? எவ்வளவு தைரியம் உங்களுக்கு, ஒரு பொம்மைகூட வைக்காம."

என் மனைவி கதவைத் திறந்து பிடித்துக்கொண்டாள், பலகை தாராளமாக வெளியே போகட்டும் என்று.

இப்போது அது கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கிறது. நான் தொட்ட ஒரு துளி வண்ணம்கூட அதில் இல்லை. கீழே பித்தளைத் தகடு, அதில் என் பெயர், முதலெழுத்தோடு, பிழையில்லாமல். எவன் பெயரைப் பார்த்தும் எனக்கு இப்படி வயிறு எரிந்ததில்லை.

திறப்பு நாளன்று ஒருவர் என் கையைப் பிடித்துக்கொண்டு விடவில்லை. ஓவியம் படித்தவராம். "சார், அந்தக் காலடி. எப்படிப் போட்டீங்க, சொல்லணும்."

பக்கத்தில் நின்ற என் மனைவியும் திரும்பி, பதிலுக்காக என் முகத்தைப் பார்த்தாள். உண்மையைச் சொல்ல வாயைத் திறந்தேன். தகடு பளபளவென்று இருந்தது.

"பழக்கந்தாங்க," என்றேன்.

"இவருக்குப் பொறுமை ஜாஸ்திங்க," என்று அவரிடம் சொல்லிவிட்டு, வேன் சாவியைக் கையில் எடுத்துக்கொண்டு என் மனைவி வாசலைப் பார்த்து நடந்தாள்.